மார்கழிக் குளிருக்கு ராத்திரிச் சாப்பாடாகவே நிற்கிற சூப்: ராகி, மொச்சை, கொள்ளு, ஆட்டுக்கால்

காவேரிப்பட்டணம் அடுப்படி
வணக்கம். வீட்டில் 5 பேர். ஒரு 4 வயசுக் குழந்தையும், பல் இல்லாத பெரியவர் ஒருவரும் அதில் அடக்கம். ராத்திரிக்குச் சோறு, டிபன் எதுவும் இல்லாமல் சூப் மட்டும் வைத்தால் எல்லாருக்கும் வயிறு நிறையணும். மூன்று சந்தேகம்.

ஒன்று, 1.5 லிட்டர் காய்கறிச் சூப்புக்கு 3 மேசைக்கரண்டி ராகி மாவைக் கரைத்து ஊற்றியும் கெட்டியாவதே இல்லை. லேசாகக் கூடி வந்து, பிறகு தண்ணியாகவே நிற்குது. இரண்டு, கொள்ளு 8 விசில் விட்டும் நறுக்கென்று இருக்கு. மூன்று, சோளமாவு இல்லாமல் சூப்பை நிறைவான சாப்பாடாக்க என்ன சேர்க்கலாம்?

பாலக்கோடு சமையல்கட்டு
அந்த ராகி மாவு முளைகட்டியதா, சாதா மாவா? பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் அடுப்படி
முளைகட்டிய ராகி மாவுதாங்க. சத்து அதிகம் என்று அதைத்தான் வாங்குறோம்.

பாலக்கோடு சமையல்கட்டு
அப்போ காரணம் அதுதான். ராகி முளைவிடும்போது தன்னிடம் இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்கிக்கொள்ளும். காயவைத்து அரைத்தாலும் அந்த நொதி மாவிலேயே தங்கியிருக்கும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பான சூப்பில் ஊற்றி மெதுவாகச் சூடேற்றினால் 50 முதல் 70 டிகிரி வரைக்கும் அது மும்முரமாக வேலை செய்யும். கெட்டியாக வேண்டிய மாவுச்சத்தையெல்லாம் கொதி வருவதற்குள் உடைத்துப் போட்டுவிடும். இன்னும் 3 கரண்டி சேர்த்தாலும் பலன் இருக்காது. இனிப்புதான் ஏறும்.

முளைகட்டிய மாவு கெட்ட மாவு இல்லை. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அதுதான் நல்லது. நிறைய மாவு போட்டாலும் இளக்கமாக இருப்பதால் கொஞ்சம் குடித்தாலே குழந்தைக்குத் தேவையான சத்து போய்ச் சேரும். சூப்பைக் கெட்டியாக்க மட்டும் அது உதவாது.

சாதா ராகி மாவு வாங்குங்க. 1 லிட்டருக்கு 20 கிராம் போட்டால் குடிக்கிற பதம், 30 கிராம் போட்டால் கரண்டியில் அள்ளுகிற பதம். 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து 5 நிமிடம் ஊறவிட்டு, சூப் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறணும். வெந்நீரில் கரைத்தால் மாவின் மேல்புறம் உடனே வெந்து உள்ளே பச்சை மாவாகவே கட்டி தட்டும். ஊற்றிய பிறகு சின்னத் தீயில் 8 நிமிடமாவது கொதிக்கணும். 3 நிமிடத்தில் கெட்டியாகிவிட்டதே என்று இறக்கினால் பச்சை வாடை தொண்டையில் நிற்கும்.

இன்னொன்று. மாவை வெறும் சட்டியில் சிவக்க வறுத்தால் வாசம் வரும், ஆனால் கெட்டியாக்கும் திறன் குறையும். வறுத்த மாவு என்றால் கால் பங்கு கூடப் போடுங்க.

அரூர் அக்கா
பாலக்கோடு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கிறேன். உப்பு பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விடக் கூடாது. நம் எச்சிலிலும் அதே அமைலேஸ் இருக்கு. கொதிக்கிற சூப்பில் ஒன்றும் ஆகாது. இறக்கி வைத்து ஆறிக்கொண்டிருக்கிற சூப்பில் எச்சில் கரண்டி பட்டால் அரை மணி நேரத்தில் நீர்த்துப் போகும். கிண்ணத்தில் வைத்துக் குழந்தைக்கு ஊட்டும்போது கடைசி வாய் தண்ணியாக இருப்பதும் இதனால்தான்.

சோளமாவு நீர்த்துப் போக வேறு காரணமும் உண்டு. தக்காளி, எலுமிச்சைப் புளிப்போடு ரொம்ப நேரம் கொதித்தாலோ, மத்து போட்டுக் கடைந்தாலோ அதன் பிசுபிசுப்பு விட்டுப்போகும். எலுமிச்சையை எப்போதும் இறக்கிய பிறகுதான் பிழியணும்.

ராகி எல்லாச் சூப்புக்கும் சேராது. கொள்ளு, கீரை, காளான், கோழிச் சூப்புக்கு அருமை. கேரட், பூசணி, தக்காளியில் போட்டால் நிறம் சேறு மாதிரி ஆகிவிடும், குழந்தைகள் தொட மாட்டார்கள். அதுக்கெல்லாம் சாமை. 2 லிட்டருக்கு 75 கிராம் சாமையைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து நேராகச் சூப்பிலேயே போட்டால் 15 நிமிடத்தில் குழைந்து நிற்கும். சித்தேரி, பென்னாகரம் பக்கம் விளைகிற சாமை இங்கேயே கிடைக்கும்போது சோளமாவு எதுக்கு?

பென்னாகரம் தண்ணி
கொள்ளு வேகாததற்கு வருகிறேன். போர் தண்ணீரிலா வேகவைக்கிறீங்க?

காவேரிப்பட்டணம் அடுப்படி
ஆமாங்க. குடிக்க மட்டும்தான் குழாய்த் தண்ணி. சமையலுக்கு போர்.

பென்னாகரம் தண்ணி
பயறுகளின் தோலிலும் செல்களுக்கு நடுவிலும் பெக்டின் என்று ஒரு பிசின் இருக்கு. அது கரைந்தால்தான் பயறு மசியும். கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினோடு பிணைந்து இறுக்கிவிடும். விசில் எத்தனை விட்டாலும் மேல்தோல் தோல் செருப்பாகவே இருக்கும். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் பல ஊர் போர் தண்ணீர் அப்படித்தான்.

செய்ய வேண்டியது: ஊறவைப்பதும் வேகவைப்பதும் குழாயில் வருகிற ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரில். குழாய்த் தண்ணீர் தட்டுப்பாடு என்றால் ஊறவைக்க மட்டும் போர் தண்ணீர் எடுத்து, 1 லிட்டருக்கு 2 தேக்கரண்டி கல்லுப்பு கலந்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் வேகவையுங்க. உப்பு போட்டால் பயறு வேகாது என்று சொல்வார்கள். ஊறவைக்கும்போது போடுகிற உப்பு தோலை இளக்கத்தான் செய்யும். உண்மையில் வேகவிடாமல் தடுப்பது புளியும் தக்காளியும். அது ரெண்டும் பயறு மசிந்த பிறகுதான் உள்ளே போகணும்.

ஆப்பச்சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பது சரி. ஆனால் பி1 வைட்டமின் அழியும், வாயில் சோப்புச் சுவை தட்டும். கொள்ளு பழைய சரக்காக இருந்தாலும் இதே பிரச்சினைதான். இரண்டு வருஷம் மூட்டையில் கிடந்த கொள்ளை எந்தத் தண்ணீரும் மசிக்காது. அதை வறுத்துப் பொடி செய்து பயன்படுத்துங்க.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் திட்டமே அதுக்காகத்தான் வந்தது, 2013இல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. 2 லிட்டர் வைத்து ஒன்றரை லிட்டராக வற்றவிடுகிற சூப்பில் தண்ணீர்தான் ஆவியாகுது, ஃப்ளோரைடு அப்படியே தங்கி அடர்த்தியாகும். எலும்புச் சூப் மாதிரி மணிக்கணக்கில் வற்றவிடுகிறதைப் போர் தண்ணீரில் வைக்கவே வைக்காதீங்க. குழந்தை இருக்கிற வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அரூர் அக்கா
கொள்ளுச் சூப் அளவு: 5 பேருக்கு 200 கிராம் கொள்ளு. கல் பொறுக்கி, வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, 8 மணி நேரம் ஊறல். குளிர்ந்த ராத்திரியில் ஊற நேரமாகும், வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்க. 1.5 லிட்டர் தண்ணீர், 1 தேக்கரண்டி எண்ணெய், 10 பல் பூண்டு. 5 விசில், பிறகு சின்னத் தீயில் 15 நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீங்க. கொள்ளு நுரை பொங்கி வெயிட் துளையை அடைத்துக்கொள்ளும்.

வெந்ததில் பாதியை அரைத்து மறுபடி சேர்த்தால் மாவே தேவைப்படாது. நெல்லிக்காய் அளவு புளி, 2 தேக்கரண்டி மிளகு, 2 தேக்கரண்டி சீரகம், கொத்தமல்லித் தண்டு. கடைசியில் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். பெரியவருக்கு மட்டும் முழுவதும் அரைத்து வடிகட்டிக் கொடுங்க, தோல் ஈறில் ஒட்டாது.

வயிறு நிறையணும் என்றால் ஆளுக்குப் பாதிக் களி உருண்டையைக் கிண்ணத்தில் வைத்து மேலே இந்தச் சூப்பை ஊற்றுங்க. வேறு எதுவும் வேண்டாம்.

தளி தோட்டம்
மார்கழி, தை என்று பேசிவிட்டு இன்னும் யாரும் பிதுக்கம்பருப்பை, அதாவது ஊறிய மொச்சைக்கொட்டையின் தோலைப் பிதுக்கி எடுக்கிற பருப்பைச் சொல்லவில்லையே! பனி விழ ஆரம்பித்தால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை சந்தையெல்லாம் மொச்சைக்காய்தான். வருஷத்தில் ரெண்டு மூணு மாசம் மட்டும் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தக் குளிருக்கு வேறு சூப்பைப் பேச எனக்கு மனசு வரவில்லை. விரிவாகவே எழுதுகிறேன்.

காய் வாங்கும்போது: விரலால் தேய்த்தால் பிசுக்கென்று எண்ணெய் மாதிரி ஒட்டணும், முகர்ந்தால் அந்தக் காரமான மொச்சை வாசம் தூக்கணும். பனியில் நன்றாக நனைந்த காய்க்குத்தான் அது வரும். தோல் சுருங்கி மஞ்சளடித்த காய் வேண்டாம், கொட்டை முற்றிப்போயிருக்கும். எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் கொட்டை தேறும், தோலை எடுத்தால் அதிலும் குறையும். அதனால் 5 பேருக்கு ஒன்றே கால் கிலோ காய் எடுத்தால் சரியாக இருக்கும்.

உரித்த கொட்டையை 6 முதல் 8 மணி நேரம் தண்ணீரில் போடுங்க. தோல் உப்பி நிற்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முளை இருக்கிற பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி பிடித்து ஒரு அழுத்து. பருப்பு பச்சையாக வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும், வெறும் தோல் விரலில் நிற்கும். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக் கையைத் தாழ்த்திப் பிதுக்கினால் தரையெல்லாம் சிதறாது. பிதுங்காமல் அடம்பிடிக்கிற கொட்டை இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம், வெந்நீரில் 10 நிமிடம் போட்டு எடுங்க. 12 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் புளிச்ச வாடை வரும், இடையில் ஒரு முறை தண்ணீர் மாற்றிவிடணும்.

பிதுக்கிய பருப்பு 350 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்க. அடிகனமான பாத்திரத்தில் 1.75 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் பருப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள், 12 பல் பூண்டு. குக்கர் வேண்டாம். தோல் இல்லாததால் திறந்த பாத்திரத்திலேயே 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் விட்டால் கூழாகி அந்த முத்து முத்தான பருப்பு வாயில் அகப்படாது. ஓசூர் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சமவெளிக் கணக்குக்கு மேலே 2, 3 நிமிடம் கூட வையுங்க.

வேகும்போதே இன்னொரு சட்டியில் 1 மேசைக்கரண்டி எண்ணெய், 20 சின்ன வெங்காயம், ஒன்றரை மேசைக்கரண்டி மல்லிவிதை, 1 தேக்கரண்டி மிளகு, 1 தேக்கரண்டி சீரகம், 2 காய்ந்த மிளகாய், ஒரு துண்டு இஞ்சி வதக்கி, 3 மேசைக்கரண்டி தேங்காயோடு நைசாக அரைக்கணும். பருப்பு விரலில் நசுங்குகிற பதம் வந்ததும் ஒரு கரண்டி பருப்பை எடுத்து மசித்துத் திரும்பப் போடுங்க. இதுதான் கெட்டிப்பு. அப்புறம் அரைத்த விழுது, நறுக்கிய தக்காளி 2, உப்பு, ஊறிய சாமை 50 கிராம். சின்னத் தீயில் 15 நிமிடம், அடிக்கடி கிளறணும், சாமை அடியில் உட்கார்ந்து பிடிக்கும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இறக்குங்க. சோம்பு, பட்டை, கிராம்பு எதுவும் போடாதீங்க. மொச்சை வாசத்தை அது மூடிவிடும், அப்புறம் அதைப் பிதுக்கியதற்கே பலனில்லை.

பாலக்கோடு சமையல்கட்டு
தளி அண்ணா, பட்டை வேண்டாம் என்பது சரி. ஆனால் தேங்காய் 3 கரண்டி போட்டால் ராத்திரிக்குக் கனமாக இருக்காதா?

தளி தோட்டம்
சாப்பாடே அதுதானே, கனமாக இருக்கட்டும். பிறகு சோறு இருக்கிறது என்றால் தேங்காயை 1 கரண்டியாக்கி, சாமையை விட்டுவிடுங்க.

ஊத்தங்கரை மசாலா
அசைவம் பக்கம் யாரும் வரக் காணோம். ஆட்டுக்கால் சூப், 5 பேருக்கு 4 கால்.

கடையில் வாட்டிக் கொடுத்தாலும் வீட்டில் கத்தியால் ஒரு முறை சுரண்டணும். நாற்றம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் குளம்பு ரெண்டாகப் பிரிகிற இடுக்கில் ஒளிந்திருக்கிற மயிர்தான். அந்த இடத்தைப் பிளந்து பாருங்க, கருகிய மயிர் ஒரு கொத்தே இருக்கும். அரிசி மாவும் மஞ்சள்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெந்நீரில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடணும்.

பிறகு குக்கரில் 2 லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஆரம்பித்து, நுரையை வாரி எடுத்து, 50 கிராம் துவரம்பருப்பு, 20 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு, 2 அங்குல இஞ்சி, 1 தக்காளி போட்டு மூடுங்க. 3 விசில் பெரிய தீயில், 45 நிமிடம் சின்னத் தீயில். வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை வெளியேற்றாதீங்க. திடீரென்று அழுத்தம் இறங்கினால் உள்ளே புரட்டிக் கொதித்துக் கொழுப்பு சூப்பில் கலங்கிவிடும், சூப் சாம்பல் நிறமாகும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டி எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்க. ஒரு மணி நேரத்தில் கூழ்போல் உறையணும். தோலிலும் தசைநாரிலும் இருக்கிற கொலாஜன் ஜெலட்டினாக மாறியதற்கு அதுதான் அடையாளம். உறையவில்லை என்றால் தண்ணீர் கூடிவிட்டது, இல்லை நேரம் போதவில்லை. 2 தேக்கரண்டி மிளகும் 2 தேக்கரண்டி சீரகமும் இறக்கும்போது இடித்துப் போடணும்.

பென்னாகரம் தண்ணி
மிளகை முதலிலேயே போட்டுக் கொதிக்கவைத்தால்தானே சளிக்குக் கேட்கும்?

ஊத்தங்கரை மசாலா
மிளகின் உறைப்பு பைப்பரினில் இருக்கு. அது கொதித்தாலும் போகாது, எலும்போடு வேகும்போது சூப்பில் இறங்கும். வாசம் மட்டும் ஆவியாகும் எண்ணெயில் இருக்கு, அது 5 நிமிடக் கொதியிலேயே பறந்துவிடும். பாதியை முதலிலும் பாதியைக் கடைசியிலும் போட்டால் ரெண்டும் கிடைக்கும்.

அரூர் அக்கா
எலும்புச் சூப் குடித்தால் கால்சியம் ஏறும் என்று பெரியவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எலும்பிலிருந்து தண்ணீருக்கு இறங்குகிற கால்சியம் ரொம்பக் கம்மி. ஜெலட்டினும் உப்பும்தான் அதிகம் வரும். கால்சியத்துக்கு ராகியும் முருங்கைக்கீரையும்தான். ரத்தக்கொதிப்பு இருக்கிறவருக்குச் சூப்பில் உப்பைக் கடைசியில், அவர் கிண்ணத்தில் மட்டும் குறைத்துப் போடுங்க.

பாலக்கோடு சமையல்கட்டு
தக்காளிச் சூப் பற்றிச் சுருக்கமாக. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி மலிவாக இருக்கும்போது 1.5 கிலோ எடுத்து, 1 கேரட், ஒரு சின்னத் துண்டு பீட்ரூட் சேர்த்து வேகவைத்து அரைத்து வடிகட்டினால் 5 பேருக்குப் போதும். கேரட் புளிப்பை அடக்கும், சர்க்கரை தேவைப்படாது. கெட்டிக்கு 60 கிராம் பாசிப்பருப்பு. அதைத் தனியாக வேகவையுங்க, தக்காளியோடு போட்டால் புளிப்பில் மசியாது.

பால் ஊற்றினால் திரிந்துபோகிறது என்று கேட்பார்கள். தக்காளியின் புளிப்பும், பச்சை இஞ்சியில் இருக்கிற நொதியும் பாலைத் திரிக்கும். பால் வேண்டுமென்றால் இஞ்சியை நன்றாக வதக்கி, சூப்பை இறக்கிவிட்டு, பாலில் ஒரு கரண்டி சூடான சூப்பைக் கலந்து பழக்கி, பிறகு ஊற்றுங்க. தேங்காய்ப் பாலாக இருந்தால் இந்தத் தொந்தரவு குறைவு.

காவேரிப்பட்டணம் அடுப்படி
சாதா ராகி மாவு வாங்கி 1 லிட்டருக்கு 30 கிராம் போட்டேன், அள்ளுகிற பதத்துக்கு வந்துவிட்டது. நன்றிங்க. இன்னும் ரெண்டு: சூடாறாத தெர்மல் குக்கரில் ராஜ்மா சூப் வைக்கலாமா? மிச்சமான பிதுக்கம்பருப்புச் சூப்பை மறுநாள் என்ன செய்வது?

பென்னாகரம் தண்ணி
ராஜ்மாவை நேராகத் தெர்மல் குக்கரில் வைக்கக் கூடாதுங்க. அதில் இருக்கிற லெக்டின் என்ற நச்சு முழுக் கொதியில்தான் அழியும். 80 டிகிரியில் மணிக்கணக்கில் கிடந்தாலும் போகாது, வாந்தியும் பேதியும் வரும். 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு தெர்மல் குக்கருக்கு மாற்றுங்க.

தளி தோட்டம்
மிச்சச் சூப்பை அதே பாத்திரத்தில் அடுப்பு மேலேயே விட்டு வைக்காதீங்க. குளிர்காலம்தானே என்று விடுவார்கள். பெரிய பாத்திரத்தின் நடுவில் சூடு விடிய விடிய இருக்கும், தானியம் சேர்ந்த சூப் அந்தச் சூட்டில்தான் கெடும். அகலமான தட்டையான பாத்திரத்துக்கு மாற்றி, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்க.

காலையில் சாமை தண்ணீரையெல்லாம் குடித்துக் கெட்டியாக நிற்கும். அரை லிட்டர் சூப்புக்கு 200 மில்லி வெந்நீர் விட்டு, ஒரு முறை முழுக் கொதி வரவிட்டு, உப்பைத் திரும்பப் பாருங்க. தண்ணீர் விடாமல் அப்படியே சூடு செய்தால் களிக்குத் தொட்டுக்கொள்கிற குழம்புப் பதம். அதுக்குப் புளி ஒரு துளி கூடுதலாகக் கேட்கும்.